சோதனை, பாவம், கள்ளுக்கடை

“தோட்டத்து ஆளுங்க குடிச்சே கெட்டாங்க.”

மலேசியத் தமிழர்கள் நாலு பேர் கூடிப் பழைய கதை பேசினால் இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும். சொல்பவர் வெளியாள் கிடையாது. பெரும்பாலும் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, டவுனுக்கு வந்து வீடு வாங்கியவர்தான். குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கும், கொஞ்சம் வெட்கம் இருக்கும், ‘நான் தப்பிச்சிட்டேன்’ என்ற நிம்மதியும் இருக்கும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். இதில் ஆள் இருக்கிறார், குடி இருக்கிறது, கேடு இருக்கிறது. கடை இல்லை. கடையைக் கட்டியவர் இல்லை. உரிமம் கொடுத்தவர் இல்லை. சம்பளம் கொடுத்த தோட்டத்தின் நிலத்திலேயே அந்தச் சம்பளத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும் கடையும் இருந்தது என்ற தகவல் இல்லை. ஒரு தலைமுறையின் கதையை நாலே சொல்லில் முடிக்க வேண்டுமென்றால் இவ்வளவையும் விட்டுவிடத்தான் வேண்டும்.

ஒருவன் விழுகிறான். விழவைக்கும் பொருள் அவன் வழியில் இருந்தது. குற்றம் யாருடையது? எல்லா மதங்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. கிறிஸ்தவம் இதை மிக நுணுக்கமாக, ஏறக்குறைய ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு, இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்து வந்திருக்கிறது. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து லயத்தில் ஜெபமாலை சொன்ன குடும்பங்களும் இருந்தன. ராத்திரி விளக்கேற்றி அவர்கள் சொன்ன ஜெபத்தில் ‘சோதனை’ என்ற சொல் தவறாமல் வந்தது. அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இது பொதுவான விஷயம்தான்.

*

கத்தோலிக்கர்கள் பரலோக மந்திரம் என்றும், மற்றவர்கள் பரமண்டல ஜெபம் என்றும் சொல்வது ஒரே ஜெபத்தைத்தான். இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதன் கடைசிப் பகுதியில் சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோகாதே என்ற பொருளில் ஒரு வேண்டுதல் வரும்.

தமிழில் சோதனை என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் மாதச் சோதனை. ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனை. ரோட்டில் போலீஸ் சோதனை. வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம் வந்தால், “சாமி ஏன்தான் என்னை இப்படிச் சோதிக்குதோ.” இந்தக் கடைசிப் பொருள் நமக்குள் ஆழமாக ஊறியது. பெரியபுராணத்தில் சிவன் வேடமிட்டு வருகிறார். இயற்பகையாரிடம் மனைவியைக் கேட்கிறார், சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்கிறார். கடவுளே சோதிக்கிறார், தேறியவனைக் கடவுளே ஆட்கொள்கிறார். அங்கே சோதனை என்பது ஒரு பரீட்சை. கேள்வித்தாள் தயாரித்தவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவரே.

பைபிளிலும் இந்தப் பொருள் இருக்கிறது. ஆபிரகாமிடம் மகனைப் பலியாகக் கேட்டது சோதனை. ஆனால் இன்னொரு பொருளும் உண்டு. சபலம், இச்சை, தூண்டுதல், மயக்கம் என்று நாம் வெவ்வேறு சொற்களில் சொல்வது அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. தமிழிலும் ‘சோதனை’ இரண்டையும் சுமக்க வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால் ஒரு குழப்பம் வருகிறது. என் முன்னால் கள் குவளையை வைத்தது கடவுளா? வைத்துவிட்டு நான் எடுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரா?

யாக்கோபு எழுதிய நிருபம் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. தீமையைக் கொண்டு கடவுள் யாரையும் சோதிப்பதில்லை. ஒருவனை இழுப்பது அவனுடைய சொந்த ஆசை. ஆசை கருத்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது, பாவம் வளர்ந்து சாவைப் பெறுகிறது. இந்தச் சிக்கல் பழைய காலத்தோடு முடியவில்லை. 2017-இல் பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கர்கள் அந்த ஜெபத்தின் வரியை மாற்றினார்கள். சோதனைக்கு எங்களை உட்படுத்தாதேயும் என்ற பொருள் போய், அதற்குள் நுழைய எங்களை விட்டுவிடாதேயும் என்ற பொருள் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போப் பிரான்சிஸும் இத்தாலிய மொழிபெயர்ப்பு சரியில்லை என்று தொலைக்காட்சியில் பேசினார். பிள்ளை எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக எந்தத் தகப்பனும் பிள்ளையைத் தள்ளிவிட மாட்டான் என்பது அவர் வாதம். 2020-இல் இத்தாலிய வடிவமும் மாறியது.

கடவுள் தள்ளிவிடவில்லை. சரி. அப்படியென்றால் தள்ளிவிட்டது யார்? யாக்கோபின் பதில், உன் ஆசை. இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் ‘தோட்டத்து ஆளுங்க குடிச்சே கெட்டாங்க’ என்ற வாக்கியத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். நிற்காமல் மேலே போகலாம்.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சோதனைக்கு உள்ளாவது பாவமா?

கிறிஸ்தவத்தின் பதில், பாவமில்லை. இதற்கு அவர்கள் காட்டும் பெரிய சாட்சி இயேசுவேதான். நாற்பது நாள் பட்டினி கிடந்த அவரிடம் சாத்தான் வருகிறான். கல்லை அப்பமாக்கச் சொல்கிறான், கோயில் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்கிறான், உலக ராஜ்யங்களைத் தருகிறேன் என்கிறான். எபிரெயருக்கு எழுதிய நிருபம், அவர் நம்மைப் போலவே எல்லா விதத்திலும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்கிறது. சோதனையே பாவம் என்றால் இந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். முதல் சோதனையைக் கவனியுங்கள். பசித்தவனுக்கு அப்பம். அப்பம் கெட்டதில்லை. பசியும் குற்றமில்லை.

அப்படியானால் பாவம் எங்கே தொடங்குகிறது? ஒரு பெண்ணை இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னாரே என்று கேட்கலாம். அகஸ்டின் இதற்கு விளக்கம் எழுதினார். மனதில் ஓர் எண்ணம் தட்டுவதை அந்த வசனம் சொல்லவில்லை, இச்சிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பார்ப்பதைச் சொல்கிறது என்றார். அங்கேதான் அவர் மூன்று படிகளையும் பிரிக்கிறார். முதலில் தூண்டுதல். அடுத்து அதில் ஓர் இன்பம். கடைசியில் சம்மதம். ஏதேன் தோட்டக் கதையோடு பொருத்தி, பாம்பு தூண்டுதல், ஏவாள் இன்பம், ஆதாம் சம்மதம் என்றார். சம்மதத்தில்தான் பாவம் முழுமையாகிறது.

அகஸ்டினுக்கு முன்பே, எகிப்தியப் பாலைவனத்துத் துறவி எவாக்ரியுஸ் எட்டு வகைக் கெட்ட எண்ணங்களைப் பட்டியல் போட்டார். அந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாமலிருப்பதும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. பின்னாளில் திருச்சபை பிளவுபட்டபோது இந்த இடத்திலும் சண்டை வந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் மனிதனுக்குள் மிஞ்சியிருக்கும் இச்சை பாவம்தான் என்றார் லூத்தர். அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் அதுவே பாவமாகாது என்று 1546-இல் திரெந்து சங்கம் தீர்மானித்தது. கத்தோலிக்க மறைக்கல்வியில் சாவான பாவத்துக்கு இன்றும் மூன்று நிபந்தனைகள் சொல்வார்கள். விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு இருக்க வேண்டும், முழுச் சம்மதம் இருக்க வேண்டும்.

எனக்கு இந்த ‘முழுச் சம்மதம்’ என்ற சொல் முக்கியமாகப்படுகிறது. சம்மதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. பயம், பழக்கம், களைப்பு எல்லாம் சம்மதத்தைக் குறைக்கும். ஒரே செயலை இரண்டு பேர் செய்தால் அது ஒரே அளவு பாவமாக இருக்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போவோம்.

*

வடக்கு சிலாங்கூரை ரப்பர்தான் உருவாக்கியது, பிறகு செம்பனை. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைக் கேட்டாலே போதும், அங்கே யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துவிடும். ஃபோக்கோனியே பின்னர் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்.

பால்மரத் தோட்டத்தின் நாள் விடியுமுன் பெரட்டில் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் மரங்களைச் சீவி, பால் எடுத்து, தூக்கிப் போய் ஸ்டோரில் ஊற்ற வேண்டும். மதியத்துக்கு மேல் ஆள் ஓய்ந்துவிடும். போவதற்கு இடமில்லை. டவுன் தூரம். சொந்தக்காரர்களோ நண்பர்களோ வெளியிலிருந்து வந்து பார்ப்பதற்கும் தோட்டத்தில் தடை இருந்தது. பொழுதுபோக்கு என்று பக்கத்தில் இருந்தது கள்ளுக்கடை. 1930-களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது ஒரு நல்ல சம்பளமாகப் பேசப்பட்டது. பொருளாதார மந்த காலத்தில் அதுவும் இறங்கியது. அந்தக் காசிலிருந்துதான் கள்.

கள் ஒரு விசித்திரமான பொருள். தென்னம்பாளையைச் சீவினால் வடிவது இனிப்புச் சாறு. யாரும் எதுவும் சேர்க்க வேண்டாம், சில மணி நேரத்தில் தானாகவே நொதித்துவிடும். அதிகம் வைத்திருந்தால் புளித்துப் போகும். அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும், அன்றைக்கே குடித்தாக வேண்டும். ஆகவே கடை குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும்.

கடையைத் தோட்டத்தில் வைத்திருந்ததற்கு அந்தக் காலத்து நிர்வாகங்களும் அதிகாரிகளும் நியாயங்கள் சொன்னார்கள். கள்ளை நிறுத்தினால் சம்சுவுக்குப் போவார்கள், அது இன்னும் கெடுதி என்றார்கள். கள்ளில் சத்து இருக்கிறது என்றார்கள். தோட்டக் கள்ளுக்கடைகளின் லாபம் தொழிலாளர் நலனுக்கான நிதிக்குப் போகிறது என்றும் சொன்னார்கள். இந்த மூன்றாவது நியாயத்தைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதிகமாகக் குடித்தவன் தன் நலநிதிக்கு அதிகமாகக் கொடுத்தவன் ஆகிறான். அவன் பிள்ளைக்கு ஏதோ கிடைத்திருக்கலாம். ஆனால் அது எந்தக் காசு?

இப்போது முழுச் சம்மதத்தைப் பற்றி யோசியுங்கள். கள்ளுக்கடைக்குள் நுழைந்தவனை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அவனாகத்தான் போனான். ஆனால் அவன் போகக்கூடிய மற்ற எல்லா இடங்களையும் ஒருவர் முன்பே மூடி வைத்திருந்தார். ஒரே ஒரு கதவு திறந்திருக்கும் அறையிலிருந்து அந்தக் கதவு வழியாக வெளியே போனவனிடம், “நீயாத்தானே அந்தப் பக்கம் போன?” என்று கேட்பது எந்த அளவுக்கு நியாயம்?

*

பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், வனத்துச் சின்னப்பர் பெயரில் ஒரு கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. இவர் நிருபங்கள் எழுதிய சின்னப்பர் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துக்குத் தப்பி ஓடி, அங்கேயே வாழ்ந்து முடிந்த முதல் துறவி என்று சொல்லப்படுபவர். பாலைவனம் நமக்குப் பழக்கமில்லை, அதனால் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை வனத்துக்காரர் ஆக்கிவிட்டார்கள். நாலா பக்கமும் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊருக்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. இவரைக் கடைசிக் காலத்தில் தேடி வந்து பார்த்தவர் வனத்து அந்தோணியார் என்று ஜெரோம் எழுதிய வரலாறு சொல்கிறது. சோதனை என்றாலே கிறிஸ்தவ உலகம் நினைத்துக்கொள்வது இந்த அந்தோணியாரைத்தான். பேய்கள் அவரை விதவிதமான உருவத்தில் வந்து சோதித்த காட்சிகளை ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தார்கள்.

அவர் வாழ்க்கையை எழுதிய அத்தனாசியுஸ் ஒரு சிறிய சம்பவம் சொல்கிறார். அந்தோணியார் பாலைவனத்தில் நடந்து போகிறார். வழியில் ஒரு பெரிய வெள்ளித் தட்டு கிடக்கிறது. அவர் நின்று பார்க்கிறார். இந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லையே, இது எப்படி இங்கே வந்தது? யாராவது தவறவிட்டிருந்தால் திரும்பி வந்து தேடியிருப்பானே? இது வைக்கப்பட்டது என்று முடிவுக்கு வருகிறார். தட்டு புகையாக மறைந்துபோகிறது.

எல்லோரும் இந்தக் கதையை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்தோணியார் முதலில் ‘எனக்கு இது வேண்டுமா, வேண்டாமா’ என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ‘இதை இங்கே வைத்தது யார்’ என்று கேட்டார். சோதனைக்கு எதிராக அவர் எடுத்த முதல் ஆயுதம் ஒரு விசாரணை.

கிறிஸ்தவத்தில் சோதனையைப் பற்றிய இரண்டாவது போதனை இங்கே தொடங்குகிறது. பிரசங்கங்களில் முதலாவதுக்குக் கிடைக்கும் நேரம் இதற்குக் கிடைப்பதில்லை. அதற்கான சொல் இடறல். குருடன் வழியில் தடுக்கும் கல்லை வைக்காதே என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு, சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிப் பேசுகிறார். அவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் போடுவது அவனுக்கு நல்லது என்கிறார். உலகத்தில் இடறல்கள் வரத்தான் செய்யும், ஆனால் யாரால் வருகிறதோ அவனுக்கு ஐயோ என்கிறார். இடறல் என்று நாம் மொழிபெயர்த்த கிரேக்கச் சொல் ‘ஸ்கந்தலோன்’. அதன் பழைய பொருள் பொறியில் இரை மாட்டும் குச்சி. எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டைச் செருகுவோமே, அதுதான்.

எலி ஏன் கருவாட்டுக்கு ஆசைப்பட்டது என்று கேட்கலாம். பொறியை வைத்தவனைப் பற்றிக் கேட்காமல் அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

*

தோட்டத்து மக்கள் இதை எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. முன்னால் நின்றவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன். தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் படித்தால் இன்றைக்கும் மனம் ஒரு நிமிடம் நின்றுவிடும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி. முறையான மருத்துவ வசதி. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது. சொந்தக்காரர்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் உரிமை. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுப்பது. இவற்றோடு இன்னொன்று, கள்ளுக்கடைகளை மூடுவது.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த பின், 1947-இல், கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கியபோதும் போலீசோடு மோதல் வந்தது.

குடிகாரச் சமூகம் என்று பெயர் வாங்கிய மக்கள், கடையை மூடு என்று கேட்டார்கள். ஆயுதம் பதில் சொன்னது. இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அந்தக் கோரிக்கை ‘சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோகாதே’ என்ற ஜெபத்துக்கு மிக நெருக்கமானது. கேட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் அந்த ஜெபத்தில் உள்ள பணிவு கோரிக்கையிலும் இருக்கிறது. ‘எங்களுக்கு எந்தச் சோதனையையும் ஜெயிக்கிற பலம் இருக்கு’ என்று அந்த ஜெபம் பீற்றிக்கொள்வதில்லை. நாங்கள் விழக்கூடியவர்கள், ஆகவே எங்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதே என்கிறது. தன் பலவீனம் தெரிந்தவன்தான் கடையை மூடச் சொல்லிக் கேட்பான். வேலைநிறுத்தக்காரர்கள் அந்த வேண்டுதலைக் கடவுளிடம் கேட்காமல் துரையிடம் கேட்டார்கள். கடையின் சாவி துரையிடம்தானே இருந்தது.

*

இங்கே எதிர்க் கேள்விகள் எழும். எழ வேண்டும்.

ஒன்று, குடிப்பதே பாவமா? கிறிஸ்தவம் அப்படிச் சொல்ல முடியாது. இயேசு திராட்சை ரசம் குடித்தார், பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்று அவரைத் திட்டியவர்களும் இருந்தார்கள். தோட்டத்து முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கப்பட்டன. நாள் முழுக்க முதுகொடிந்தவனுக்குக் கள் ஒரு சின்னச் சந்தோஷம். துரை கிளப்பில் விஸ்கி குடித்தால் நாகரிகம், கூலிக்காரன் கள் குடித்தால் ஒழுக்கக்கேடு என்ற பார்வையில் வர்க்கமும் சாதியும் கலந்திருக்கின்றன. மதுவிலக்குப் பேசிய நடுத்தர வர்க்கத் தலைவர்கள் எல்லோரும் அந்தப் பார்வையிலிருந்து விடுபட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே பிரச்சினை கள்ளில் இல்லை. ஓர் ஆளின் களைப்பையும் தனிமையையும் கணக்குப் போட்டு அதன் மேல் கடை கட்டியதில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி கடினமானது. எல்லாப் பழியையும் கடை கட்டியவன் மேல் போட்டால் குடித்தவன் யார்? வெறும் எலியா? அதே தோட்டத்தில், அதே பெரட்டில் நின்று, பத்துக் காசு குறைவான சம்பளத்துக்கு அதே மரங்களைச் சீவியவர்கள் பெண்கள். வீட்டுக்கு வந்து உலை வைத்தவர்களும் அவர்கள்தான். அவர்களும் அதே கள்ளுக்கடையைத் தாண்டித்தான் நடந்தார்கள். பெரும்பாலானவர்கள் உள்ளே போகவில்லை. உள்ளே போய் வந்தவனிடம் ராத்திரி அடி வாங்கினார்கள். அந்த அடிக்கு யார் பொறுப்பு? லண்டனில் இருந்த கம்பெனியா? “சிஸ்டம்தான் காரணம்” என்று அடி வாங்கியவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

முடியாது. அடித்த கை அவன் கைதான். மத்தேயு 18-இல் இடறல் உண்டாக்குபவனுக்கு ஐயோ என்று சொன்ன இயேசு, அதே மூச்சில் அடுத்ததைச் சொல்கிறார். உன் கை உனக்கு இடறலாக இருந்தால் அதை வெட்டிப்போடு, உன் கண் இடறலாக இருந்தால் அதைப் பிடுங்கிப்போடு. இரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். கல்லை வைத்தவனுக்கு ஒரு கணக்கு, தடுக்கி விழுந்தவனுக்கு ஒரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ய அங்கே இடமில்லை. பாவம் பங்கு போட்டுக் குறைகிற சொத்து இல்லை. நிர்வாகத்தின் குற்றம் முழுதாக இருக்கும்போதே கணவனின் குற்றமும் இருக்கும். அவனுடைய சம்மதம் எவ்வளவு முழுமையானது என்பதை எடைபோடலாம், எடை குறைவாகவும் வரலாம். இல்லாமல் போகாது.

வெட்டிப்போடு என்ற அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருபவர் கடவுள் மறுப்பாளரான பெரியார். மதுவிலக்குப் பிரச்சாரக் காலத்தில், கள்ளுக்குப் பயன்படும் என்பதால் தன் சொந்தத் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். கள் குடித்துக் கெட்டவர் அவரில்லை. மரத்துக்குச் சொந்தக்காரர். அடுத்தவன் விழுவதற்குத் தன் சொத்து காரணமாகிறது என்று தெரிந்ததும், குடிக்கிறவனுக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல் தன் கையை வெட்டிக்கொண்டார். 1929 டிசம்பரில் அவர் மலாயாவுக்கு வந்தபோது இங்கே கள்ளுக்கடைகள் நன்றாகவே நடந்துகொண்டிருந்தன. எந்தத் தோட்டக் கம்பெனியும் தன் மரத்தை வெட்டியதாக நான் படித்ததில்லை.

*

இன்று வடக்கு சிலாங்கூரில் பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன, அல்லது வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் வீட்டைவிட்டுத் தூரமாக, போக இடமில்லாமல் இருப்பவர்கள்தான். நம் ஆட்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். கள்ளுக்கடை மறைந்த இடத்தில் சம்சு பல குடும்பங்களைத் தின்றது. இப்போது கடை தேடி நடக்கவும் தேவையில்லை. நாலு நம்பரிலிருந்து சூதாட்டம் வரை கைப்பேசியிலேயே வருகிறது. பத்தே நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று வட்டி முதலை வாட்ஸ்அப்பில் வருகிறான். ஓர் ஆள் எந்த நேரத்தில் தனியாக இருப்பான், எந்த நேரத்தில் களைத்திருப்பான், எந்த நேரத்தில் அவன் விரல் தானாக அழுத்தும் என்று கணக்கெடுத்துச் செயலி செய்கிறார்கள். அன்று நிர்வாகத்துக்குத் தோராயமாகத் தெரிந்ததை இன்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விழுந்தவனைப் பற்றி நாம் சொல்வது மட்டும் மாறவில்லை. “அவனுக்குக் கட்டுப்பாடு இல்ல.”

கட்டுப்பாடு வேண்டும்தான். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தோணியாரின் கேள்வியைக் கேட்பவர்கள்தான் குறைவு. இதை இங்கே வைத்தது யார்? வைத்ததால் யாருக்கு லாபம்? அந்த லாபத்தில் எனக்கும் பங்கு வருகிறதா? கடைசிக் கேள்வி நம்மையும் தொடும். நாம் வேலை செய்யும் கம்பெனி, பங்கு வாங்கிய நிறுவனம், கோயில் கும்பாபிஷேகத்துக்கோ ஆலயக் கூரைக்கோ நாம் கைநீட்டி வாங்கிய நன்கொடை என்று அது நீளும். கள்ளுக்கடை லாபத்திலிருந்து வந்த நலநிதியைப் போலத்தான்.

தமிழில் ‘பாவம்’ என்ற சொல்லுக்கு ஒரு வசதி இருக்கிறது. செய்த குற்றத்துக்கும் அந்தச் சொல்தான், விழுந்தவனைப் பார்த்து வரும் இரக்கத்துக்கும் அந்தச் சொல்தான். “பாவம் பண்ணிட்டான்” என்று சொல்லும் அதே வாய், “அவன் பாவம்டா” என்றும் சொல்லும். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியே இருக்கலாம். தீர்ப்பையும் இரக்கத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழியில், நம் தாத்தாக்களைப் பற்றி நாலு சொல்லில் தீர்ப்பு எழுதி முடிக்க வேண்டிய அவசரம் நமக்கு இல்லை. அவர்கள் குடித்தார்கள். சிலர் அடித்தார்கள், அது பாவம். சிலர் கடையை மூடச் சொல்லி நின்றார்கள், சிலர் அதற்காகச் சுடப்பட்டார்கள். கடை அவர்கள் கட்டியதில்லை. இனி யாராவது ‘குடிச்சே கெட்டாங்க’ என்று ஆரம்பித்தால், மீதியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.